யாரைக் கேட்டு ஏற்றினான்?

எங்கள் பாட்டி தம் வாழ்நாளில் கேட்ட கேள்விகள் ஏராளம். பால்காரன் இன்று எவ்வளவு தண்ணீர் கலந்தான், மேலத் தெருக் கணக்குப்பிள்ளை ஏன் அகால வேளையில் வந்து போனார் என்பன போன்ற கேள்விகளுக்கு இரண்டு நாளில் தாமே விடை கண்டுபிடித்து, தெருவுக்கும் சொல்லிவிடுவார். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவருக்கு விடை கிடைக்கவில்லை. அறுபது வருஷங்களுக்கு மேலாகிவிட்டது, எனக்கும் கிடைத்தபாடில்லை. அந்தக் கேள்வியின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1961-ஆம் வருஷம், மாசி மாதம். எனக்குப் பத்து வயது. காவிரிக் கரையில் சிறிய ஊர். சிறிய மொட்டை மாடி. உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் போதித்த என் சித்தப்பா, இருட்டிய பிறகு வீட்டிலுள்ளவர்கள் எல்லோரையும் மாடிக்கு அழைத்துக்கொண்டு போனார். பாட்டி முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் ஒவ்வொரு படியாக ஏறி வந்து உட்கார்ந்தார். சிறிது நேரத்தில், மேற்கே தென்னந்தோப்புக்கு மேலே ஒரு நட்சத்திரம் கிளம்பிற்று. மற்ற நட்சத்திரங்களைப் போல் அது நிற்கவில்லை, சிமிட்டவும் இல்லை. சுவாமி புறப்பாடு போல வெகு நிதானமாக வானத்தின் குறுக்கே நடந்து கிழக்கே போயிற்று. கால் மணி நேரம் போல் நாங்கள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அமெரிக்காக்காரன் ஏற்றி வைத்தது, அம்மா. பெரிய பலூன். எக்கோ என்று பேர்" என்றார் சித்தப்பா.

"யாரைக் கேட்டு ஏற்றினான்?" என்றார் பாட்டி.

"ஆகாசத்துக்கு யாரை அம்மா கேட்க வேண்டும்?"

"திண்ணையை இரண்டு அடி தெருப் பக்கம் இழுத்துக் கட்டினால் பஞ்சாயத்துக்காரன் வந்து நிற்கிறான். ஆகாசத்திலே கட்டினால் கேட்பாரில்லையா?"

சித்தப்பா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பாட்டி சிரிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: மறுநாள் இருட்டியதும் முதல் ஆளாக மாடி ஏறியவரும் அவர்தாம்.

அந்தப் பலூனைப் பற்றிப் பின்னால் நான் தெரிந்துகொண்டவை பாட்டிக்குத் தெரிந்திருந்தால் இன்னும் பல கேள்விகள் கேட்டிருப்பார். 1960 ஆகஸ்டு 12-ஆம் தேதி கேப் கனவரல் என்னும் இடத்திலிருந்து அதை ராக்கெட்டில் வைத்து அனுப்பினார்கள். அதன் குறுக்களவு 100 அடி. அவ்வளவு பெரிய பலூனைத் துணி மடிப்பதுபோல் மடித்து ஒரு சிறு கோளத்துக்குள் அடைத்திருந்தார்கள். மேலே போய்த் திறந்ததும், உள்ளே தூவியிருந்த பொடி வெயில் பட்டு ஆவியாகிப் பலூனை ஊதிவிட்டது. தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதன்மேல் அலுமினியப் பூச்சு. சுமார் 1,600 கிலோமீட்டர் உயரத்தில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உலகத்தைப் பிரதட்சிணம் செய்தது.

வேடிக்கை பார்ப்பதற்காக ஏற்றிய பலூன் அல்ல அது. ஓர் இடத்திலிருந்து அனுப்பும் ரேடியோ அலை அதன்மேல் பட்டுத் தெறித்து வேறோர் இடத்தில் இறங்கும் என்பது கணக்கு. அப்படியே, ஜனாதிபதி ஐசன்ஹோவரின் குரல் கலிபோர்னியாவிலிருந்து கிளம்பி, பலூனில் மோதி, நியூ ஜெர்சியில் ஹோம்டெல் என்ற ஊரில் வந்து சேர்ந்தது. இந்த யோசனைக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் ஜான் பியர்ஸ் என்ற பொறியாளர். அவருக்கு இன்னொரு தொழிலும் உண்டு. ஜே. ஜே. கப்ளிங் என்ற புனைபெயரில் விஞ்ஞானக் கதைகள் எழுதி வந்தார். கதை எழுதுகிறவர்களால் உலகத்துக்கு என்ன பிரயோசனம் என்று யாராவது என்னிடம் கேட்டால், இந்தப் பலூனைத்தான் நான் சாட்சிக்கு அழைப்பது வழக்கம்.

ஹோம்டெல்லில் பலூனின் குரலைக் கேட்பதற்காக நாதசுர அனசைப் போல் ஒரு பெரிய உலோகக் குழலை நிறுவியிருந்தார்கள். அந்த வேலை முடிந்த பிறகு, 1964-இல் பென்ஸியாஸ், வில்சன் என்ற இருவர் அதை வேறு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் அதில் ஒரு மெல்லிய இரைச்சல் கேட்டது. புறா எச்சமாக இருக்குமோ என்று துடைத்துக்கூடப் பார்த்தார்கள். போகவில்லை. பிரபஞ்சம் தோன்றிய காலத்திலிருந்து மிச்சமிருக்கும் மிகப் பழைய ஒளியே அந்த இரைச்சல் என்று பிறகு தெரிந்தது. 1978-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, வானத்தில் பலூன் விட்டதில் வான சாஸ்திரிகளுக்கு நஷ்டம் இல்லை, பெரிய லாபம். இந்தச் சங்கதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், இதற்கு மேல் வரப்போகிற கதைகளிலெல்லாம் வான சாஸ்திரிகள் கோபமாகவே இருப்பார்கள்.

எக்கோ தற்செயலாக அழகாயிருந்த ஒரு கருவி. அழகுக்காகவே வானத்தில் ஒன்றை ஏற்ற வேண்டும் என்ற ஆசை வெகு சீக்கிரத்தில் வந்துவிட்டது. அந்த ஆசை பாரிஸ் நகரத்தில் தலையெடுத்ததில் ஆச்சரியமில்லை.

ஐபெல் கோபுரத்துக்கு 1989-இல் நூறு வயது நிறைந்தது. நூற்றாண்டு விழாவுக்கு என்ன செய்யலாம்? கோபுரத்தை விட உயரமான இடம் ஒன்றுதான் பாக்கி. வானத்தில் ஒரு ஞாபகச் சின்னம் அமைப்பதற்குப் போட்டி வைத்தார்கள். வெற்றி பெற்ற திட்டத்துக்கு 'ஒளி வளையம்' என்று பெயர். பளபளப்பான நூறு பலூன்களை மெல்லிய குழாய்களால் மாலையாகக் கோத்து, 800 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்க விடுவது. மாலையின் சுற்றளவு 24 கிலோமீட்டர். கீழேயிருந்து பார்த்தால் பூர்ண சந்திரன் அளவுக்கு ஒரு முத்து வளையம் வானத்தில் தவழும். மூன்று வருஷம் இருக்கும். பிறகு தானே அழியும்.

பத்திரிகையில் இதைப் படித்தபோது நான் துள்ளிக் குதித்தேன் என்றே சொல்ல வேண்டும். பத்து வயதில் மாடியில் பார்த்தது ஒரு முத்து. இப்போது மாலையே வரப்போகிறது. வான சாஸ்திரிகள் கூக்குரலிட்டார்கள். மங்கிய ஒளியுள்ள நட்சத்திரக் கூட்டங்களைப் படம் பிடிப்பதற்கு அவர்கள் மணிக்கணக்கில் தொலைநோக்கியைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் இப்படி ஒரு விளக்கு மாலை குறுக்கே போனால், இருட்டறையில் படம் கழுவும்போது யாரோ கதவைத் திறந்த கதைதான். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் அவர்களுக்கு இருந்தது. இன்று பாரிஸ்காரன் மாலை போட்டால், நாளைக்குச் சோப்புக் கம்பெனிக்காரன் பலகை மாட்டுவான். அவனை என்ன சொல்லித் தடுப்பது?

திட்டம் கைவிடப்பட்டது. "ரசனை இல்லாத மனிதர்கள்!" என்று நான் அப்போது திட்டினேன்.

இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஐபெல் கோபுரத்தைக் கட்ட ஆரம்பித்தபோது, 1887-இல், பாரிஸின் கலைஞர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து பத்திரிகையில் பகிரங்கமாக ஒரு கண்டனம் வெளியிட்டார்கள். நகரத்தின் அழகைக் கெடுக்க வந்த இரும்புப் பூதம் என்பது அவர்களுடைய கட்சி. கையெழுத்திட்டவர்களில் சிறுகதை மன்னர் மாப்பஸானும் ஒருவர். கோபுரம் எழும்பிய பிறகு அவர் அதிலுள்ள ஹோட்டலிலேயே போய்ச் சாப்பிடுவாராம். பாரிஸில் கோபுரம் கண்ணில் படாத இடம் அது ஒன்றுதான் என்றாராம். இப்படி ஒரு கதை உண்டு. கோபுரத்துக்குக் கொடுத்த அனுமதியே இருபது வருஷத்துக்குத்தான். ரேடியோவுக்கு உபயோகப்பட்டதால் பிழைத்துக்கொண்டது. அன்று பொறியாளர் கட்டியதைக் கலைஞர்கள் எதிர்த்தார்கள். நூறு வருஷம் கழித்துக் கலைக்காகக் கட்ட நினைத்ததை விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். இரண்டு தடவையும் கேள்வி என்னவோ பாட்டியின் கேள்விதான்.

1967-இலேயே உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. விண்வெளி எந்த நாட்டுக்கும் சொந்தமாகாது. அது மனித குலம் முழுவதற்கும் பொது என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். மகத்தான வாக்கியம், சந்தேகமில்லை. ஆனால் ஊர்ப் பொதுக் குளத்தின் கதை நமக்குத் தெரியாததா? எல்லோருக்கும் பொது என்றால் யாரைக் கேட்பது? யார் சம்மதம் என்று சொல்வது?

1993 பிப்ரவரியில் ருஷ்யர்கள் யாரையும் கேட்காமல் வானத்தில் ஒரு கண்ணாடியை விரித்தார்கள். விளாதிமிர் சிரோமியாத்னிகோவ் என்ற பொறியாளரின் வேலை அது. 1975-இல் அமெரிக்க ஓடமும் ருஷ்ய ஓடமும் வானத்தில் கைகுலுக்கிக்கொண்டனவே, அந்தக் கைகளில் ருஷ்யக் கையை அமைத்தவர் இவர். மீர் விண்வெளி நிலையத்திலிருந்து பிரிந்து வந்த ஒரு சாமான் ஓடத்தின் முனையில், 20 மீட்டர் அகலமுள்ள பளபளப்பான தாள் தாமரைப் பூப்போல் விரிந்தது. அதிலிருந்து தெறித்த வெயில், 5 கிலோமீட்டர் அகலமுள்ள ஒளி வட்டமாகத் தென் பிரான்ஸிலிருந்து ருஷ்யா வரை, வினாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிற்று. அன்றைக்கு ஐரோப்பாவில் எங்கு பார்த்தாலும் மேகம். ஒரு சிலர்தாம் ஒரு மின்னல் வெட்டைக் கண்டார்கள். மாதக் கணக்கில் சூரியனைப் பாராத வட துருவத்து நகரங்களுக்கு இரவில் வெளிச்சம் தர வேண்டும் என்பது அவருடைய கனவு. 1999-இல் இன்னும் பெரிய கண்ணாடியை விரித்தபோது, அது ஓடத்தின் ஆன்டெனாவில் சிக்கிக் கிழிந்தது. அத்துடன் அந்தக் கனவும் மடிந்தது.

ருஷ்யக் கண்ணாடி விரிந்த அதே 1993-இல், வான சாஸ்திரிகள் பயந்த சோப்புக் கம்பெனிக்காரனும் வந்து சேர்ந்தான். விண்வெளியில் ஒரு பிரம்மாண்டமான விளம்பரப் பலகை மாட்டப் போவதாக அமெரிக்காவில் ஒரு கம்பெனி அறிவித்தது. கார்ல் சாகன் போன்ற விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தார்கள். பலகை ஏறவில்லை. வெறுங் கண்ணுக்குத் தெரியும் விளம்பரங்களை விண்வெளியில் வைப்பதற்கு 2000-இல் அமெரிக்காவிலே சட்டப்படி தடையும் வந்தது. பாரிஸ் வளையத்தை எதிர்த்தவர்களை நான் திட்டியது சரியில்லையோ என்று முதன் முதலாக எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

பிறகு வெகு காலம் வானம் சும்மா இருந்தது. 2018 ஜனவரி 21-ஆம் தேதி, நியூஸிலாந்தின் மாஹியா தீபகற்பத்திலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பிற்று. போய்ச் சேர்ந்த பிறகுதான் அதில் ஓர் இரகசியச் சரக்கு இருந்த விஷயத்தை வெளியிட்டார்கள். ஒரு மீட்டர் அகலமுள்ள பந்து. அதைச் சுற்றிலும் பளபளப்பான 65 முகங்கள். சுழன்றுகொண்டே மின்னிய அதற்கு 'மானிட நட்சத்திரம்' என்று பெயர் சூட்டினார் ராக்கெட் கம்பெனியின் தலைவர் பீட்டர் பெக். அதற்கு வேறு உபயோகம் எதுவும் கிடையாது. ஜனங்கள் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டும். பார்த்து, இந்தப் பெரிய பிரபஞ்சத்தில் நமக்கு உள்ள இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜனங்கள் யோசித்தார்களோ இல்லையோ, வான சாஸ்திரிகள் பிடித்துக்கொண்டார்கள். பிறத்தியார் வீட்டுச் சுவரில் கரிக் கட்டியால் கிறுக்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். ஒன்பது மாதம் இருக்கும் என்று எதிர்பார்த்த பந்து, இரண்டே மாதத்தில், மார்ச்சு 22-ஆம் தேதி, காற்று மண்டலத்தில் விழுந்து எரிந்து போயிற்று. அதைப் பார்க்க நான் எவ்வளவோ முயன்றேன், கொடுத்து வைக்கவில்லை.

அதே வருஷம் டிசம்பரில் நடந்ததுதான் இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் தைத்த சம்பவம். டிரெவர் பேக்லன் என்ற கலைஞர், வேவு பார்க்கும் கோள்கள் இரகசியமாக வானத்தில் திரிவதைப் பல வருஷங்களாகப் படம் பிடித்து வந்தவர். இராணுவத்துக்கும் வேண்டாம், வியாபாரத்துக்கும் வேண்டாம். வெறும் அழகுக்கென்று ஒரு கோள் இருந்தால் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தோன்றிற்று. நெவாடா கலைக்கூடம் அவருக்குத் துணை நின்றது. 100 அடி நீளத்துக்கு, வைர வடிவத்தில் ஒரு பலூன். நம் எக்கோவின் பேரப் பிள்ளை என்று வைத்துக் கொள்ளுங்களேன். அதை ஒரு சிறு பெட்டிக்குள் மடித்து வைத்து, 2018 டிசம்பர் 3-ஆம் தேதி ராக்கெட்டில் ஏற்றினார்கள். ஒரே ராக்கெட்டில் மொத்தம் 64 கோள்கள். சில மாதங்கள் மின்னிவிட்டு எரிந்து போவது என்று ஏற்பாடு.

பெட்டி பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தது. ஆனால் மற்றக் கோள்களுக்கு இடைஞ்சல் வராமல் பலூனை விரிப்பதற்கு, அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் அனுமதி வேண்டியிருந்தது. அனுமதிக்காகக் காத்திருந்தார்கள். டிசம்பர் 22-ஆம் தேதி, வரவு செலவுத் தகராறில் அமெரிக்க அரசாங்க அலுவலகங்கள் பலவற்றைப் பூட்டும்படி ஆகிவிட்டது. 35 நாள் பூட்டு. ஜனவரி பிறந்ததும் ஆணையத்திலும் வேலை நின்றது. 'விரிக்கலாம்' என்று சொல்லக் கீழே ஆள் இல்லை. அத்தனை காலம் காத்திருப்பதற்கென்று செய்த பெட்டி அல்ல அது. கதவுகள் திறந்தபோது பெட்டியோடு பேச்சு வார்த்தை அறுந்து போயிருந்தது. 2019 மே மாதம் நம்பிக்கையைக் கைவிட்டார்கள். பலூன் மடித்தது மடித்தபடியே சுற்றிக்கொண்டிருந்தது.

எக்கோவை விட்டவன் கேட்கவில்லை. எட்டு வருஷம் மின்னிற்று. ருஷ்யன் கேட்கவில்லை, ஒரு வட்டம் ஓட்டிக் காட்டிவிட்டான். நியூஸிலாந்துக்காரன் சொல்லாமலே ஏற்றிவிட்டான். இரண்டு மாதம் மின்னிற்று. கை நீட்டி அனுமதி கேட்டு நின்றவன் ஒருவன். அவன் வந்த வேளையில் கச்சேரிக் கதவு பூட்டியிருந்தது. பாட்டியின் கேள்விக்கு இதைவிடக் கசப்பான பதில் இருக்க முடியுமா என்று எண்ணினேன்.

இருந்தது. அதே மே மாதம், கலைஞரின் பலூனுக்குக் கருமாதி நடந்த சமயத்தில், அமெரிக்காவிலிருந்து ஒரே ராக்கெட்டில் 60 கோள்கள் ஏறின. இன்டர்நெட் வசதி தருவதற்கான கோள்கள். அவை வரிசையாக, கோத்த மணிகள்போல் வானத்தில் போனதை உலகத்தின் பல இடங்களில் ஜனங்கள் பார்த்து மிரண்டார்கள். அந்தக் கம்பெனியிடம் அனுமதிச் சீட்டு இருந்தது. கொடுத்தது, கலைஞர் காத்திருந்தாரே, அதே ஆணையம்தான். இன்று அந்த 60 பல ஆயிரங்களாகிவிட்டது.

அவற்றால் பிரயோசனம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மலைக் காட்டிலும் நடுக்கடலிலும் இருப்பவனுக்குச் செய்தி போய்ச் சேருவது சாமானியமான காரியமா? வான சாஸ்திரிகளின் முறையீட்டைக் கேட்டுக் கம்பெனிக்காரர்கள் தங்கள் கோள்களின் பளபளப்பைக் குறைத்துப் பார்க்கிறார்கள். இருண்ட வானத்தைக் காப்பதற்கென்றே சர்வதேச வானியல் சங்கம் 2022-இல் ஒரு மையம் ஏற்படுத்தியது. எல்லாம் சரி. ஆனால் ஒன்று என் மனத்தை உறுத்துகிறது. பொம்மை விட வந்தவனைப் பிடித்து நிறுத்தி, "யாரைக் கேட்டாய்?" என்று அதட்டினோம். நூறு பலூன் கோத்த மாலையை வேண்டாம் என்றோம். ஒரு மீட்டர் பந்துக்கு ஊரைக் கூட்டினோம். மூட்டை வண்டிகள் சாரை சாரையாக வந்தபோது, வேலையாகப் போகிறவர்கள் என்று வழி விட்டுவிட்டோம். உபயோகம் என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும்; கேள்வி அடங்கிவிடுகிறது. அழகு என்று சொன்னவனுக்குத்தான் அத்தனை சாட்சியும் தேவைப்படுகிறது.

ஆகவே, வானத்தை இஷ்டம்போல் அலங்கரிக்கட்டும் என்பது இப்போது என் கட்சி அல்ல. பாரிஸ் வளையத்தை எதிர்த்தவர்களிடம் நான் மானசிகமாக மன்னிப்புக் கேட்டு வெகு காலமாகிறது. கேட்கிற கேள்வியை எல்லோரிடமும் கேளுங்கள் என்பதுதான் என் கட்சி.

சென்ற வருஷம் ஒரு நாள் விடியற்காலையில், பேத்தியுடன் மாடியில் நின்றபோது அந்த மணி வரிசையை நானும் பார்த்தேன். பேத்தி கை கொட்டினாள். நான் எண்ண ஆரம்பித்தேன். இருபதுக்கு மேல் முடியவில்லை. பழைய ஞாபகம் ஒன்று வந்தது.

1968 மே மாதம் எக்கோ காற்று மண்டலத்தில் இறங்கி எரிந்து போயிற்று. நான் அப்போது கல்லூரி மாணவன்; விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பாட்டிக்குக் கண் பார்வை மங்கிவிட்டது; மாடி ஏறுவதில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடி, "அந்த அமெரிக்காக்காரன் இப்போதும் வருகிறானோ?" என்று விசாரித்தார். எரிந்துவிட்டது, சாம்பல்கூட மிஞ்சவில்லை என்று சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"ராத்திரி திண்ணையிலே படுத்துவிட்டு, விடிவதற்குள் எழுந்து போகிற வழிப்போக்கன் மாதிரி" என்றார். "வரும்போதும் கேட்கவில்லை, போகும்போதும் சொல்லவில்லை. இருந்தாலும், திண்ணையைச் சுத்தமாக வைத்துவிட்டுப் போனான்."

மணி வரிசை கிழக்கே மறைந்தது. "தாத்தா, இன்னும் வருமா?" என்று கேட்டாள் பேத்தி.

"வரும், அம்மா. நாளைக்கும் வரும்" என்றேன்.